கதவு, நாற்பது நிமிடம்

மஞ்சள் பல்பின் கீழே மட்டும்தான்
இலைகளைத் தொடலாம்.
புனோவின் மேட்டில், கடைசி மாடியில்,
சன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த அறை.
எட்டு வருடமாக என் பகலின் நிறம்
ஆறிப்போன தேநீர்.

கினோவா நாற்று. நான்கு இலைப் பருவம்.
புற ஊதா விளக்கின் கீழ் பத்து நிமிடம் வைப்பேன்.
எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது,
வாடல் இல்லை, கருகல் இல்லை.
உள்ளேதான்:
டி.என்.ஏ. ஏணியில் அடுத்தடுத்து நின்ற
இரண்டு தைமின்கள்
எதிர்ப் பக்கத்துத் துணையைச் சரியாகப் பிடிக்காமல்
ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும்.
அவ்வளவுதான் காயம்.
படியெடுக்க வரும் நொதி
அந்த முடிச்சில் இடறி நின்றுவிடும்.

நான் முடிச்சுகளை எண்ணுகிறவள்.
எந்த இலை, எத்தனை, எவ்வளவு நேர இருட்டில்.
இருட்டிலும் செடி சும்மா இருக்காது.
முடிச்சு விழுந்த துண்டையே வெட்டி எறிந்துவிட்டு
எதிரிழையைப் பார்த்துப் புதிதாக எழுதும்.
மெதுவாகத்தான்,
முத்திரைக்குக் காத்திருக்கும் மனுவைப் போல.

வெளிச்சம் பட்டால் வேறு கதை.
முடிச்சின் மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒரு நொதி
நீல ஒளியில் ஒரு துளி குடிக்கும்,
ஒரே ஒரு எலக்ட்ரானைக் கைமாற்றாகக் கொடுக்கும்.
முடிச்சு அவிழும்.
கைமாற்று அங்கேயே திரும்பி வரும், வட்டி இல்லாமல்.
இமைக்கும் நேரத்தைக் கோடித் துண்டாக்கினால்
அதில் ஒரு துண்டுகூட ஆகாது.

அதனால்தான் கறுப்புத் துணி.
அதனால்தான் மஞ்சள் பல்பு.
ஆறிவிடக்கூடாது என்று
காயத்துக்குக் காவல் இருக்கிறேன்,
மாதச் சம்பளத்துக்கு.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு
அரெக்கிப்பாவிலிருந்து போன் வந்தது.
"செனோரா யூசேபியா கலிசாயா?"
வராந்தாவுக்கு ஓடினேன், அறைக்குள் சிக்னல் கிடைக்காது.
கன்னத்தில் வெட்டி அனுப்பிய துண்டு,
பட்டாணி அளவு.
ஓரங்கள் சுத்தமாக இல்லையாம்.
மறுபடி வெட்ட வேண்டுமாம், இம்முறை
இன்னும் கொஞ்சம் அகலமாக.
எவ்வளவு அகலம் என்று நான் கேட்கவில்லை.
தேதி கேட்டேன்.
பிறகும் அங்கேயே நின்றேன்.
கீழே ஏரி மின்னிக்கொண்டிருந்தது,
தகரம் அடித்த மாதிரி.

திரும்பியபோது அறை பளிச்சென்று இருந்தது.
கதவைச் சாத்தவில்லை.
வராந்தாக் கண்ணாடி புற ஊதாவை வெளியே நிறுத்திவிட்டு
நீலத்தை உள்ளே விட்டிருந்தது.
சாயங்காலம் எண்ணினால்
முப்பத்தொன்று முதல் முப்பத்தாறு வரை
பாதி முடிச்சுகளைக் காணோம்.

"யார் கதவைத் திறந்தது?" டாக்டர் வில்பர் அங்காசி.
நான்தான்.
காரணம் கேட்டார். போன் என்றேன்.
அவர் மேற்கொண்டு கேட்கவில்லை;
நல்லவர், அவசரக்காரர்.
பதிவேட்டில் எழுதினேன்:
கதவு, நாற்பது நிமிடம். ஆறு மாதிரிகள் வீண்.
வீண் என்ற சொல்லை
ஒருமுறை அடித்துவிட்டு
மறுபடி அதையே எழுதினேன்.

அந்த நொதி நம்மிடம் இல்லை.
எப்போதோ, இரவில் மட்டும் மேய்ந்த ஏதோ ஒரு முன்னோர்
தேவைப்படாமல் தொலைத்திருக்கலாம் என்கிறார்கள்.
லாமாவுக்கும் இல்லை. அடுப்படியில் வளரும் கினிப் பன்றிக்கும் இல்லை.
கங்காருவிடம் இருக்கிறதாம்,
அது என்ன பாக்கியம் செய்ததோ.
நமக்கு வெட்டி எழுதும் வழி ஒன்றுதான்,
மனு, முத்திரை, காத்திருப்பு.
நாலாயிரம் மீட்டரை நெருங்கும் உயரத்தில்
முப்பது வருடம் தலைக்குமேல் நின்ற சூரியனுக்கு
என் கன்னம் எத்தனை மனு போட்டிருக்கும்,
ஒன்று எங்கோ
பைல்களுக்கிடையே விழுந்திருக்கிறது.

இலை கொடுத்த நாற்றுகளைச்
சிவப்புப் பையில் போட்டு எரிக்க வேண்டும்.
ஆறு தொட்டிகள்.
மொட்டைமாடிக்கு எடுத்துப் போனேன்,
யாரையும் கேட்கவில்லை.
வெயில் இன்னும் சாயவில்லை. காற்றில் ஏரியின் குளிர்.
ஒவ்வொன்றாகச் சுவரோரம் வெளிச்சத்தில் வைத்தேன்.
அந்த வெளிச்சம்தான் கட்டும்,
அதுவே அவிழ்க்கும்,
அவை நகராமல் நின்று இரண்டையும் வாங்கிக்கொள்ளும்.

தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
நான் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றேன்.